ஊரடங்குப் பிஸ்கட் பெட்டி

இஞ்சருங்கோ,

நான் வத்தேகமவுக்கு அக்கா வீட்டை போறன். பின்னேர பஸ்ஸில வந்திடுவன். குரக்கன் பிட்டும் கத்தரிக்காய்க் கறியும் மேசையில மூடி வச்சிருக்கு. உப்புக் காணாது எண்டு மேலால தூவாதேங்கோ.

கட்டிலுக்குக் கீழ இருக்கிற தகரப்பெட்டிக்கு ஆமைப்பூட்டுப் போட்டிட்டன். எண்பத்து மூண்டுக் கலவரத்துக்குப் பிறகு, ஊரடங்கு போட்டால் உதவும் எண்டு பிஸ்கட்டும் ரின்னில அடைச்ச பாலும் அடுக்கத் தொடங்கினீங்கள். சரி. ஆனால் பழுதாகப் போகுது எண்டு சொல்லிச் சொல்லி நீங்களே சாப்பிட்டு முடிச்சுத் திரும்பவும் நிரப்பிறீங்கள். இது என்ன கூத்து?

நேற்று டொக்டர் கதைக்கேக்க நீங்கள் யன்னலுக்கு வெளியால பார்த்துக்கொண்டிருந்தீங்கள். அதால எழுதிறன். வயித்துக் கொழுப்பு சும்மா கிடக்கிற சாமான் இல்லையாம். காயம் பட்ட இடம் வீங்கிறமாதிரி, உடம்பு முழுக்க அழற்சியைக் கிளப்பிக்கொண்டே இருக்குமாம். நோகாமலே இரத்தக் குழாய்களைப் பழுதாக்கி, இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்குமாம். உங்களுக்குச் சிறுநீரில புரதம் போகத் தொடங்கிட்டுது. "எனக்கு ஒண்டும் நோகேல்லையே" எண்டு அவரோடயே வாதாடுறீங்கள்!

பூட்டை உடைக்க வேண்டாம். திறப்பு என்ர கைப்பையில, என்னோட வருது.

இராசமணி

மறந்துபோனன்: கலவரத்தண்டைக்கு, றோட்டில ஆக்கள் துரத்தேக்க, மகளைத் தோளில வச்சு, என்னையும் இழுத்துக்கொண்டு, எங்கட வீட்டுப் படியெல்லாம் ஒரே மூச்சில ஓடி ஏறினீங்கள். இப்ப அதே படியில நிண்டு நிண்டு மூச்சு வாங்கிறீங்கள். இனியும் ஓட வேண்டி வந்தால் பெட்டியை விட்டிட்டு ஓடலாம். உங்களை என்னெண்டப்பா விட்டிட்டு ஓடுறது?