பின்னால் எடுத்த வண்டி

விருத்தாசலம்

பூங்கோதையின் அம்மாவுக்கு,

நான் டிரெய்லரைப் பின்னால் எடுத்தபோது நீ நிறுத்தச் சொல்லிக் கத்தவில்லை. தப்பு அதுதான். டாக்டர் உன் இடது காலை எடுத்துவிட்ட பிறகும் இதையே சொல்கிறேன்.

பதினோரு வருடமாக அந்த மினி டிராக்டரில் முந்திரி விறகு கொண்டுவந்து வாசலில் இறக்குகிறேன். ஒவ்வொரு முறையும் நீ பின்னால் நின்று, "வாங்க, வாங்க, நில்லுங்க" என்பாய். நான் நிறுத்துவேன். அன்று உன் குரலே இல்லை. பள்ளம் நிரப்ப வாசலில் கொட்டிவைத்த பீங்கான் உடைசல் நொறுங்குவது மட்டும்தான் கேட்டது.

எதிர்வீட்டுத் தங்கராசு, "அக்கா போட்ட சத்தம் பஸ்ஸு ரோடு வரைக்கும் கேட்டுது. உங்களுக்கு மட்டும் எப்படி மாமா கேக்கல?" என்கிறான். அவன் எதையும் பெரிதாக்குகிறவன்.

உன்னைக் கூட்டிப்போய் வைத்திருக்கும் பூங்கோதை பெண்ணாடத்திலிருந்து போன் செய்தால் லைன் சரியாக இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். போன வருடம் அவள் வாங்கித் தந்த காது மிஷின் பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. எனக்கு அது தேவையில்லை என்று அன்றே சொன்னேன்.

இனி விறகைத் தங்கராசு ஏற்றட்டும். வண்டியையும் அவனே ஓட்டட்டும். கட்டுப் பிரிக்கும் நாளைப் பூங்கோதை எழுதித் தெரிவிக்க வேண்டும். மிஷினுக்கு பேட்டரி நான் வாங்குகிறேன். நீ வந்ததும் அதே இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அன்று போலவே ஒருமுறை கத்த வேண்டும். நிற்கிற வண்டியில் எஞ்சினை ஓடவிட்டு, உனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பேன். கேட்டால் கையைத் தூக்குகிறேன்.

உன் வீட்டுக்காரன்