ஒரே உருட்டில் செத்த வைத்தியச்சி

கணவர் விமலநாதன் கதை சொல்ல, வீட்டார் ஆளுக்கொரு பாத்திரமாகித் தாயம் உருட்டும் விளையாட்டு அது. நேற்று அதில் பத்மாதேவியின் வைத்தியச்சி செத்துப்போனாள். இன்று, கண்டி ஆஸ்பத்திரிக்குத் தாதி வேலைக்குப் புறப்படுமுன், கதவிடுக்கில் செருகிவைக்க அவள் அவருக்குச் சீட்டெழுதினாள்:

"இஞ்சாருங்கோ, சோறும் சொதியும் அடுப்பில. கதவுத் திறப்பு பக்கத்து வீட்டு ஹிதாயாவிட்ட.

ஊரடங்கு முழுக்க நான் வளர்த்த வைத்தியச்சியைக் கோட்டை வாசல் காவலில ஒரே உருட்டில சாக்காட்டிப் போட்டியள். 'சாகிற பயம் இல்லாட்டி விளையாட்டில என்ன ருசி' எண்டியள். அந்த ருசி எனக்கு வெளியில தாராளமாய்க் கிடைக்குது."

மடித்ததை மறுபடி விரித்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

"சொதியைக் கொதிக்க விடாதேங்கோ, தேங்காய்ப்பால் திரைஞ்சிடும். பின்னேரம் நானும் சந்தியில ஆமிக்காரரின்ர சோதனைக் காவலைத் தாண்டித்தான் வரவேணும். பிந்தினால் தாயம் உருட்டிப் பாக்காதேங்கோ. சந்திக்கு வந்து நில்லுங்கோ."