அன்று சைக்கிள் கதைக்கவில்லை

இஞ்சேருங்கோ,

இன்று காலை குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த என்னை ஒரு சத்தம் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. டிக்... டிக்... டிக். சில்லு ஒரு சுற்றுச் சுற்ற ஒரு டிக். எவ்வளவு காலத்துக்குப் பிறகு கேட்கிறேன்! விரலில் தேங்காய்ப்பூ ஒட்டியிருக்க அப்படியே படலையடிக்கு ஓடினேன். பின்வீட்டு வதனி, பாலர் பாடசாலையில் படிப்பிக்கிற பிள்ளை, புதுச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். மலிவுச் சைக்கிள்தான். ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும், எங்கடையைப் போலவே, சில்லின் நடுவில் தட்டைக் கவ்விப் பிடிக்கிற டிஸ்க் பிறேக்.

"பிள்ளை, நில்லும்! அதிலயே நில்லும்!"

அவள் பாய்ந்து இறங்கிவிட்டாள். "என்ன ரீச்சர், பாம்போ?"

பின்னேரம் சைக்கிளைக் கொண்டுவரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதுவரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதுதான் உங்கள் படத்துக்கு முன்னால் வந்து உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் சைக்கிளை நினைத்துப் பாருங்கோ. சமாதானம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். ஆமியின் காவலரண்கள், அந்தச் சென்றிகள் மட்டும் போட்ட இடத்திலேயே இருந்தன. இடம்பெயர்ந்து பாலையூற்றுக்குத் திரும்பி வந்த எங்கள் வீட்டில் கதவு ஒருவர் தந்தது, அலுமாரி இன்னொருவர் விட்டுப்போனது, கதிரைகளில் ஒன்றுக்கொன்று சோடி இல்லை. அந்த வீட்டுக்குள் நீங்கள் ஒரு புத்தம் புதுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தீர்கள். சட்டத்தில் சுற்றியிருந்த பொலித்தீனைக் கழற்றவே விடவில்லை. "புதுசு புதுசாவே இருக்கட்டுமன்" என்றீர்கள். மழைக்கோட்டுப் போட்ட பிள்ளை மாதிரி அது நின்றது. எனக்காகப் பின்னால் ஒரு கரியரும் பூட்டுவித்தீர்கள். காலையில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத் துறைமுகத்தடியிலிருந்த உங்கள் கடைக்குப் போவதென்று ஏற்பாடு.

முதல் நாள் காலை. சென்றிக்கு வெகு முன்னமே எல்லோரும் இறங்கி உருட்டத்தானே வேண்டும். வரிசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதிக்குள் எங்கள் முன் சில்லு மட்டும் டிக், டிக் என்றது. முன்னால் நின்ற கிழவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மணிக்கூடு வைத்த குண்டென்று நினைத்து, அடுத்த கணம் ஆமிக்காரப் பொடியன் துவக்கை நீட்டினான்.

"விடு! சைக்கிள விடு! கை மேல!"

நீங்கள் பக்க ஸ்டாண்டைத் தட்டிவிட்டுச் சாப்பாட்டுப் பார்சலோடு கையை உயர்த்தினீர்கள். நான் குடையோடு உயர்த்தினேன். சைக்கிள் நடு றோட்டில் தனியே நின்றது. வயதான ஆமிக்காரர் ஒருவர் நீளத் தடியொன்றால் அதைத் தள்ளினார். டிக். இன்னொருமுறை தள்ளினார். டிக். தள்ளாமல் நின்று காது கொடுத்தார், ஒன்றுமில்லை. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பொடியன் சிரிக்கவில்லை. அவன் விரல் துவக்கின் விசையிலேயே இருந்தது.

"நாளைக்கு டிக் டிக் வந்தா, நான் பாக்கிறது இல்ல. சுடுறது" என்றான்.

அன்று பின்னேரம் நான் சொன்னேன்: "நாளைக்கு பஸ்ஸில போவம். சைக்கிள் வீட்டில நிக்கட்டும்."

நீங்கள் சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "எத்தினை வருசத்துக்குப் பிறகு புதுசா ஒண்டு வாங்கினனான். அதையும் பூட்டி வைக்கவோ?"

அதற்குமேல் பஸ் கதையை நான் எடுக்கவில்லை. சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்தினோம். உடனே நீங்கள் உள்ளே போய்த் தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு வந்தீர்கள்! நான் பாய்ந்து உங்கள் கையைப் பிடித்தது நினைவிருக்கிறதா?

"ஐயோ, விடாதேங்கோ!"

"சத்தம் வந்தா எண்ணெய் விடுறதுதானே?"

"கதவுக்கு விடலாம். இது பிறேக். இந்தத் தட்டில எண்ணெய் பட்டால் பிறேக் கட்டை பிடிக்காது. சத்தமே இல்லாமல் நேர சென்றிக்குள்ள போய் நிப்பம்!"

நீங்கள் போத்தலைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் வைத்துவிட்டு வந்தீர்கள், அது தானாக நடந்து வந்துவிடும் என்று பயந்தவர் மாதிரி.

பிறகு வேலை தொடங்கியது. தட்டை இரண்டு பக்கமும் கவ்வும் கலிப்பருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்தோம். ஒரு பக்கம் நூலளவு வெளிச்சம் தெரிந்தது. மற்றப் பக்கம் கட்டை தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டில் இலேசான கோணலும் இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கோணல் வந்து கட்டையில் தட்டியது. கோணல் பெரிய விஷயமில்லை, கலிப்பர் நடுவில் இருந்தால் தட்டு படாமல் போய்விடும் என்று கண்டுகொண்டோம். சோக்குப் பெட்டி அட்டையில் இரண்டு கீற்று வெட்டி இரு பக்கமும் செருகினேன். கலிப்பரின் இரண்டு ஆணிகளையும் தளர்த்தி, நீங்கள் பிறேக்கை அழுத்திப் பிடிக்க, நான் இறுக்கினேன். அட்டையை உருவிச் சுற்றினால் சத்தமே இல்லை! நீங்கள் சிறுபிள்ளை மாதிரி முற்றத்தைச் சுற்றி ஓடி வந்தீர்கள். கிணற்றடி திரும்பியதும், டிக்.

மறுபடி செய்தோம். மறுபடி டிக்.

"சரி, இது எங்களோட கோவம்" என்றீர்கள்.

அடுத்தமுறை நான் சில்லைப் பார்க்கவில்லை. கலிப்பரை மட்டும் பார்த்துக்கொண்டு ஆணியை இறுக்கினேன். கடைசி இறுக்கில் அது மெல்ல முகத்தைத் திருப்பியது. வகுப்பில் ஒரு பிள்ளை சரிந்து இருந்தால் பிள்ளையை ஏசுகிறோமே தவிர, அது இருக்கிற வாங்கின் காலைக் குனிந்து பார்ப்பதில்லை. நான் குனிந்து பார்த்தேன். கலிப்பரை முற்றாகக் கழற்றினோம். அது உட்காரும் இரண்டு இடங்களில் ஒன்றில் பெயின்ற் குளித்தாற்போல் வழிந்து திரண்டு காய்ந்திருந்தது. மலிவுச் சட்டம், யார் அங்கே துடைக்கப்போகிறார்கள்? இறுக்க இறுக்கக் கலிப்பர் அந்தத் திரளையில் சாய்ந்தது.

"இதை அரத்தால சுரண்டவேணும்" என்றேன்.

உங்கள் முகம் போன போக்கை என்னால் மறக்க ஏலாது. "புதுசில அரம் வைக்கச் சொல்லுறீரோ?"

"நான் சுரண்டுறன். நீங்கள் அங்கால பாருங்கோ."

நீங்கள் பொலித்தீனை ஒருமுறை தடவினீர்கள். விசையிலிருந்த அந்தப் பொடியனின் விரல் இரண்டு பேருக்கும் கண்ணுக்குள் நின்றது. பிறகு என் கையிலிருந்த அரத்தை வாங்கினீர்கள்.

"நீர் கைவையாதையும். முதல் கீறல் என்ர கையால விழட்டும்."

கறுப்புப் பெயின்ற் பொடிப்பொடியாய் உதிர, அடியிலிருந்து வெள்ளிபோல் இரும்பு வந்தது. மட்டமாக்கித் துடைத்துப் பூட்டினோம். இந்த முறை கலிப்பர் அசையவில்லை. நீங்கள் கிணற்றடியைத் திரும்பினீர்கள், வேலியோரம் போனீர்கள், வந்தீர்கள். சத்தமில்லை! நான் கைதட்டினேன். நீங்கள் உட்கார்ந்து பொலித்தீன் முழுவதையும் கிழித்து எறிந்துவிட்டு நிமிர்ந்தீர்கள்.

"இப்பதான் இது எங்கட சைக்கிள்."

மறுநாள் அதே வரிசை, அதே பொடியன். சில்லு வாயே திறக்கவில்லை. அவன் குனிந்து காது கொடுத்தான்.

"இண்டைக்கு சைக்கிள் கதைக்க இல்ல?"

"இல்ல சேர். நேற்று ரீச்சர் ஏசினவ."

வரிசையே சிரித்தது. கிழவரும் சிரித்தார். அந்தப் பொடியன் சிரித்தபோதுதான் அவனுக்கு என் உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் வயதென்று கண்டேன். சென்றிக்கு அங்கால ஏறி உட்கார்ந்ததும் துறைமுகத்துக்கு இறங்கும் சரிவில் நீங்கள் சைக்கிளை விட்ட வேகம்! கடல் எழும்பி எங்களை நோக்கி வருவதுபோல் இருந்தது. "மெல்ல, மெல்ல!" என்று உங்கள் முதுகில் அடித்தேன். அடியில் போய்ப் பிறேக்கைப் பிடித்தீர்கள். பூனை நிற்பதுபோல் நின்றது.

இவ்வளவும் எழுதி முடிக்க வதனி வந்துவிட்டாள். எழுந்து போய்த் திரும்பி வந்து மிச்சத்தை எழுதுகிறேன். வீட்டுச் சாவிகள் கோர்த்த திறப்புக் கோர்வையை எடுத்துக்கொண்டு போனேன். சண்டையில் போன வீடுகளின் திறப்புகளை எறிந்துவிட்டேன். ஆனால் அந்த ஆணிகளைத் தளர்த்தும் வளைந்த சாவி இன்னும் அதில்தான் தொங்குகிறது. அதே வெள்ளைத் தாள், அதே அட்டைக் கீற்று. நம்பமாட்டீர்கள், அதே பெயின்ற் திரளை! நான் அரத்தை எடுத்ததும் அவள் சைக்கிளை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயோ ரீச்சர், இது புதுசு!"

நான் அரத்தை அவள் கையில் கொடுத்தேன். "அப்ப நீரே கீறும், பிள்ளை. எங்கட வீட்டில அப்பிடித்தான் வழக்கம்."

முகத்தைச் சுளித்துக்கொண்டு கீறினாள். பூட்டினோம், சுற்றினோம். சத்தமில்லை. ஏறியவள் படலையைத் தாண்டவில்லை. திரும்பிப் பார்த்துப் பின்னாலிருந்த கரியரைத் தட்டினாள்.

"ஏறுங்கோ ரீச்சர், கடற்கரை மட்டும் ஒரு ஓட்டம் பாப்பம்."

ஏறினேன். சரிவு வந்ததும் அவள் முதுகில் அடித்து, "விடும் பிள்ளை, விடும்!" என்று கத்தினேன்.