சத்தத்தைக் குறைங்க, சனியன்களா!

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். நீ எழுதினால்தானே தெரியும்!

இங்கே நான் வேலை பார்க்கும் நடனக் கிளப்பை விற்றுவிட்டார்கள். வாங்கியது ஏதோ முதலீட்டு நிறுவனம். முதலாளி என்று ஒரு முகத்தை இன்னும் பார்க்கவில்லை. கழிவறைக்குப் புதுக் குழாய் வந்திருக்கிறது, அவ்வளவுதான். செவ்வாய் மதியம் ஒலிப்பெட்டிகளைச் சோதிக்கப் போனேன். இந்த மாதப் போஸ்டரில் நம் பெயரைக் காணோம். மேலாளரிடம் கேட்டால், "எங்களைப் புறக்கணிக்கிறோம்னு நீங்கதானேம்மா கையெழுத்துப் போட்டிருக்கீங்க? அப்புறம் எங்க போஸ்டர்ல உங்களுக்கு என்ன வேலை?" என்று போனை நீட்டுகிறார். இசைக்காரர்கள் விட்ட அறிக்கை. நடுவில் 'ரெட்டைவால்' என்று நம் பெயர். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அம்மா நம் இருவரையும் சேர்த்துத் திட்டிய பெயர் அது. நீ அங்கே வெளிநாட்டில் வாசித்தாலும் நான் இங்கே வாசித்தாலும் பெயர் ஒன்றுதான். அதைக் கொண்டுபோய் ஒரு இடத்தில் எழுதும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாய்?

இப்படிக்கு,
ரெட்டைவாலில் மூத்தது

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் அம்மா கரண்டியோடு வந்து நிற்பதுபோல் இருந்தது. தப்பு என் மேல்தான். ஆனாலும் முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டு.

கிளப்பை வாங்கிய அந்த நிறுவனத்துக்குக் குண்டு செய்கிற தொழிற்சாலையில் பங்கு இருக்கிறது. செய்தியில் தினமும் இடிந்த வீடுகளைக் காட்டுகிறார்களே, அங்கே விழுகிற குண்டுகள்தான். நாம் ஆடவைக்கிற கூட்டம் கொடுக்கிற காசு அங்கே போய்ச் சேர்கிறது என்று தெரிந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னைக் கேட்டால் தயங்குவாயோ என்று பயந்தேன். வாசல்காரர், கூட்டுகிற அக்கா, பெட்டி தூக்குகிறவர்கள் எல்லோரும் உனக்கு வீட்டு மனிதர்கள் ஆயிற்றே. அதனால்தான் கேட்கவில்லை.

இங்கே எந்த மேடையிலும் கடைசியாக நம் பாட்டைத்தான் போடுகிறேன். பின்னறையில் நாம் வாசித்துப் பழகும்போது அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கத்தியது பதிவானதே, அந்த இடம் வந்ததும் வழக்கம்போல மற்ற எல்லா ஒலியையும் இறக்கிவிடுவேன். அவள் குரல் மட்டும் தனியாக நிற்கும். "சத்தத்தைக் குறைங்க, சனியன்களா!" நம் மொழி தெரியாதவர்கள்கூட அப்படியே நின்றுவிடுகிறார்கள், அக்கா.

கோபம் தணிந்ததும் எழுது.

உன்,
ரெட்டைவாலில் இளையது

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

தயங்குவாயோ என்று பயந்தேன் என்று எழுதினாய் பார், அதுதான் சுட்டது. கேட்டிருந்தால் உனக்கு முன்னால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேனடா. கிளப் வேலையை விட்டுவிட்டேன். வாசல்காரர், "நீங்க ஒருத்தர் போறதால அவங்களுக்கு என்னம்மா ஆகப்போகுது?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணும் ஆகாதுண்ணே, எனக்குத் தூக்கம் வரும்" என்றேன். இப்போது ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் பாதிநாள் உட்காருகிறேன்.

சொல்ல வந்தது வேறு. நம் பாட்டை வெளியிட்ட லேபிள் கம்பெனியையும் போன வருடமே அதே நிறுவனம் வாங்கிவிட்டதாம். அறிவித்துத்தான் இருக்கிறார்கள். படிக்காதது நாம்தான். நீ அந்தப் பாட்டைப் போடும்போதெல்லாம் அவர்களுக்குப் பங்கு போகிறது. ஊருக்கு உபதேசம் பண்ணிவிட்டு நாம் இப்படி இருக்கிறோம்.

விசாரித்தேன். இருவரும் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் பாட்டை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடுவார்களாம். பிறகு நாமும் அதை எந்த மேடையிலும் போடக்கூடாது. வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். அழுதுகொண்டேதான் என் கையெழுத்தைப் போட்டேன். உன்னுடையதையும் போட்டு அனுப்பு. அம்மா ஊருக்கா கத்தினாள்? வீட்டில்தானே கத்தினாள்.

ரெட்டைவாலில் மூத்தது

ஏப்ரல் 20

அக்கா,

என்னால் முடியாது. வேறு எது வேண்டுமானாலும் சொல், செய்கிறேன்.

அம்மா போனபோது விசா கிடைக்காமல் இங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ அவள் கையைப் பிடித்திருந்தாய். எனக்கு இருப்பது அந்த ஒரு வரிதான். நீ சொன்னதற்காக அறையில் தனியாகப் போட்டுக் கேட்டேன். ஏதோ பழைய பதிவு மாதிரி இருந்தது. கூட்டத்துக்கு நடுவில் ஒலியை இறக்கி, எல்லோரும் மூச்சைப் பிடிக்கும்போதுதான் அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறாள். நீ அறியாததா?

மற்ற எல்லாவற்றையும் புறக்கணிப்போம். இந்த ஒரு பாட்டை மட்டும் விட்டுவிடு. அடுத்த மாதம் பெரிய திறந்தவெளி மேடை. கடைசியில் வாசிக்கப்போவது நான்தான். அன்றைக்கு அவள் இல்லாமல் எப்படி முடிப்பேன்?

தம்பி

மே 30

அன்புள்ள தம்பிக்கு,

உடனே பதில் எழுதக் கை வரவில்லை. நான் அம்மா பக்கத்தில் இருந்தவள், நீ இல்லாதவன். அதற்கு மேல் உன்னோடு நான் என்ன வழக்காடுவது? கையெழுத்தை இனிமேல் கேட்கமாட்டேன்.

கடைக்காரர் மகள் உன் திறந்தவெளி மேடையைப் போனில் காட்டினாள். எவ்வளவு கூட்டம்! உன்னைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. மெலிந்திருக்கிறாய். கடைசியில் நம் பாட்டு வந்தது. அந்த இடத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் கை ஒலியை ஏற்றி இறக்கும் மிக்ஸர் மேல்தான் இருந்தது. நீ இறக்கவில்லை. கூட்டம் அந்த வரியை மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறது. மொத்தமாகக் கத்துகிறது. நீ சிரித்துக்கொண்டே இன்னும் கத்தச் சொல்லிக் கையை ஆட்டுகிறாய். திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன். காலமெல்லாம் ஒலிப்பெட்டி பக்கத்தில் கிடந்த காது என்னுடையது. அதற்கும் அம்மா அகப்படவில்லை.

அவளுக்காகத்தானே விடமாட்டேன் என்றாய்? அவள் குறைக்கச் சொல்லி நீ குறைக்காதது இதுதான்டா முதல் தடவை.

ரெட்டைவால் என்ற பெயரை நீயே வைத்துக்கொள். அந்தப் புறக்கணிப்பு அறிக்கையில் அது இருக்கும் இடத்தில் என் சொந்தப் பெயரைப் போடச்சொல்லி எழுதிவிட்டேன்.

சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதுவலி உண்டு. பார்த்துக்கொள். அவ்வளவு சத்தம் ஆகாது.

அக்கா