தலைகீழாய்த் தொங்கிய தவிட்டுக்குருவிகள்

அடியே,

இன்று காலை கண்ணமங்கலத்தில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் பையிலிருந்து தலைவலித் தைலத்தை எடுத்து நெற்றியில் தேய்த்தார். அவ்வளவுதான், அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுக் கண் எரிகிறது என்று நீ பூசிக்கொள்வாயே, அதே வாசனை. ஆரணிக்கு இரண்டு ஸ்டாப் முன்பே இறங்கி நடந்தேன். நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. மஞ்சள் காமாலை என்று வேலூருக்குப் போனவள் எப்படியும் வந்துவிடுவாய் என்று, கடையில் என் பக்கத்தில் கிடக்கிற உன் நாற்காலியில் என் பையைக்கூட வைக்காமல் இருந்தேன்.

இறங்கி நடந்ததற்கு வாசனை மட்டும் காரணமில்லை. இன்று சாயங்காலத்துக்குள் முதலாளிக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. நான் வரைந்த முந்தானையைத் துளை துளையாகக் குத்தி, ஜக்கார்டு அட்டை அடித்து வந்துவிட்டது. தறியில் ஏற்றலாமா, வேண்டாமா? ஏற்றிவிட்டால் ஒரு பாவு நூலில் மூன்று புடவை. பாதியில் மனசு மாறினால் ஒன்றும் செய்வதற்கில்லை. எங்கிருந்தும் எடுக்காத, முழுக்க என் சொந்த டிசைன். இதற்கு முன்னால் அப்படி நான் செய்தது ஒன்றே ஒன்றுதான் என்று உனக்குத் தெரியும். அது எப்படி முடிந்தது என்பதும் தெரியும்.

வெளியில் யாராவது கேட்டால் டிசைனர் என்று சொல்லிக்கொள்வோம். உள்ளே நடப்பது வேறு. எங்கேயோ ஒரு கடையில் நன்றாக ஓடுகிற புடவையின் போட்டோ முதலாளியின் போனுக்கு வரும். "இதே மாதிரி, கொஞ்சம் மாத்தி" என்பார். நான் பழைய ஃபைலைத் திறந்து, அதில் இருக்கிற மயிலை அழித்து, அதே இடத்தில் புது மயிலை உட்கார வைப்பேன். வாலில் இரண்டு இறகு கூடும், குறையும். நீ எட்டிப் பார்த்துவிட்டு, "ஊர்ல கீற மயிலெல்லாம் இங்கதான் வந்துகினு கீது. உனக்குன்னு ஒண்ணு வரையேன்டி" என்பாய். உன் நச்சரிப்புத் தாங்காமல்தான் தவிட்டுக்குருவிகளை வரைந்தேன். நம் ஜன்னலுக்கு வெளியே புங்கமரத்தடியில் கும்பல் கும்பலாகக் கத்திக்கொண்டு திரியுமே, அவற்றை. பட்டுப் புடவையில் யார் தவிட்டுக்குருவி போடுவார்கள்? அந்த ஒரு வாரம் எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

புடவை நெய்து வந்தது. முதலாளி பிரித்து, முந்தானையைத் தன் தோளில் போட்டுக் கண்ணாடி முன் திரும்பி நின்றார்.

"இன்னாம்மா இது, எல்லாம் தலைகீழா தொங்குது? குருவியா, வவ்வாலா?"

நம் தறியில் முந்தானையைக் கடைசியில் நெய்கிறார்கள்; கம்ப்யூட்டர் திரையில் மேலே இருப்பது முந்தானையின் நுனிக்கு, அதாவது கீழே, போய்விடும். அதனால் திரையில் பறவையைத் தலைகீழாகப் போட்டால்தான், தோளிலிருந்து முதுகுப் பக்கம் விழும்போது நேராக நிற்கும். வேலைக்கு வந்த முதல் வாரமே தெரிந்திருக்க வேண்டிய சங்கதி. ஆனால் அழித்த மயிலின் மேல் புது மயிலை வைத்தே பழகியவளுக்கு, எந்தப் பக்கம் தலை என்று யோசிக்கிற வேலையே வந்ததில்லை. முதன்முதலாகச் சொந்தமாக வரைந்தபோது அழகாக, நேராக வரைந்து வைத்தேன். மடச்சி.

"யாரு பாத்து அனுப்பனது?" என்று முதலாளி கேட்டார். ஒருத்தி வரைந்தால் மற்றவள் சரிபார்த்து அனுப்புவது நம் வழக்கம். நான் உன்னைக் கை காட்டினேன். "அவதான் பாத்தா முதலாளி" என்றேன். நீ முழுதாகப் பார்க்க உட்கார்ந்தபோது, "ஜல்தி, கலர மட்டும் பாரு போதும்" என்று உன்னை விரட்டியவளும் நான்தான். அதை நான் சொல்லவில்லை. நீ என் முகத்தை ஒரு தரம் பார்த்தாய். பிறகு, "ஆமா முதலாளி, நான்தான் கவனிக்கல" என்றாய்.

அன்றைக்கு டீக்கடையில் நீ என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீ திட்டவில்லை. "தப்பு என்னோடதுன்னு சொல்ல வாய் வரலன்னா, டிசைன் என்னோடதுன்னும் சொல்ல வராதுடி" என்றாய். சொல்லிவிட்டு பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து என்னிடம் நீட்டினாய். நானும் வெட்கம் கெட்டுப் போய் வாங்கித் தின்றேன்.

அதோடு விட்டாயா? விலைபோகாத அந்த மூன்றில் ஒன்றை வாங்கி, உன் சித்தி மகள் கல்யாணத்துக்கே கட்டிக்கொண்டு வந்தாய். மண்டபம் முழுக்கப் பட்டு வியாபாரத்தில் இருப்பவர்கள். அந்தக் கண்களுக்குத் தப்புமா? "முந்தானைல பட்சிங்க இன்னாடி தலைகீழா கீது?" என்று ஒரு அத்தை கேட்டார். "நான் குனிஞ்சா நேராயிடும் அத்த" என்று நீ குனிந்தே காட்டினாய். எல்லோரும் சிரித்தார்கள். யார் வரைந்தது என்று நீ கடைசிவரை சொல்லவில்லை. நான் பந்தியில் மூலையில் உட்கார்ந்து, இலையை விட்டுத் தலையைத் தூக்காமல் சாப்பிட்டு முடித்தேன்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் எனக்கு மயில்தான், மாங்காய்தான். நீ முருங்கைக்காய் வரைந்தாய், கேழ்வரகுக் கதிர் வரைந்தாய். சிலது ஓடியது, சிலது அலமாரியில் மடித்தபடியே கிடந்தது. கிடந்ததைக் காட்டி, "இது என் பேஜாரு புடிச்ச புள்ள" என்று சிரிப்பாய். எனக்கு உன்மேல் பொறாமை. இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

இப்போது நான் வரைந்திருப்பது புளியமரங்கள். ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் சாலையோரத்தில் சாய்ந்து சாய்ந்து பின்னால் போகுமே, அப்படி. ஒரு மரம்போல இன்னொரு மரம் இல்லை. அதனால் அட்டை ஏகத்துக்கு அதிகம். "ஒரே மரத்த திருப்பித் திருப்பிப் போட்டா ஆவாதா?" என்று முதலாளி பத்து தடவை கேட்டுவிட்டார். ஆகாது என்று பத்து தடவையும் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் வருவதில்லை. எந்தப் பக்கம் வேர், எந்தப் பக்கம் கிளை என்று காகிதத்தில் அச்செடுத்து, என் தோளிலேயே குத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்த்தேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை உன்னிடம்தான் சொல்லிச் சிரிக்க முடியும்.

சாயங்காலம் முதலாளியிடம் போனேன். அட்டையைப் பற்றிப் பேசத்தான் போனேன். வாயைத் திறந்தால் வேறு வந்துவிட்டது.

"முதலாளி, அன்னிக்குக் குருவி தலைகீழா வந்தது என் தப்பு. அவள சரியா பாக்க விடாம வெரட்டனதும் நான்தான்."

போனிலிருந்து நிமிர்ந்தார். "எந்தக் குருவி?" என்றார். சொன்னேன். உன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பொண்ணு ஒரு வார்த்த சொல்லலியேம்மா" என்றார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரி, இத ஏத்தலாமா வேணாமா, அத சொல்லு" என்றார்.

"ஏத்துங்க முதலாளி."

முதல் அட்டையில் கடைப் பெயரையும் டிசைன் நம்பரையும் மட்டும்தான் எழுதுவோம். நான் பேனாவை வாங்கி, கீழே என் பெயரையும் எழுதினேன்.

"உன் பேரு எதுக்கு? நாளைக்குத் தப்பா வந்துச்சின்னா?"

"அதுக்குத்தான் முதலாளி."

கடைசி எழுத்து கோணலாகிவிட்டது. பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்தக் குருவிக்குப் பிறகு நீ உயிரோடு இருந்த ஆறு வருஷமும் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும், உன்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.