நான் உனக்கு வைத்த பரீட்சை

இன்று காலை காரின் சாலை வரிக் காகிதத்தைத் தேடப் போய், கூடத்து அலமாரியில் அந்தச் சின்ன நோட்டைப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் தேதி, தேதிக்கு எதிரே சரிக்குறி. நடுவில் ஒரே ஒரு தப்புக்குறி. நீ இருந்திருந்தால், "உங்கப்பா ஃபேக்டரி வேலைய வீட்லயும் பாக்குறாரு" என்று மகளிடம் போனில் சொல்லிச் சிரித்திருப்பாய்.

தம்போயில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தரச் சோதனை பார்த்தவன் நான். கெட்ட சாமான் என் மேசையைத் தாண்டாது என்ற திமிர் எனக்கு உண்டு. என் பொண்டாட்டி உனக்கே நுரையீரலில் புற்றுநோய் என்று சொன்னபோது அந்தத் திமிர்தான் முதலில் அடி வாங்கியது.

மருந்து, மார்புக்குக் கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, கட்டி நன்றாகச் சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று நான் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டேன். அவர் இன்னும் முடிக்கவில்லை. இந்த வகை நோய் தலைக்குப் போகக்கூடியது. இப்போது அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் முன்கூட்டியே மூளைக்குக் கதிர்வீச்சு கொடுக்கலாம். அதில் ஞாபகம் மங்க வாய்ப்புண்டு. வேண்டாமென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கவனித்து வரலாம், வந்தால் அப்போது வைத்தியம். இரண்டில் எது மேல் என்று அவரும் அடித்துச் சொல்லவில்லை.

"முன்னாடியே குடுத்துடுங்க டாக்டர்" என்றேன், உன்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "என் தலை டாக்டர் அது. ஒண்ணுமே இல்லாத எடத்துல ஏன் கரண்டு வைக்கணும்? நான் ஸ்கேனே எடுத்துக்கிறேன்."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாய். "பேத்தி பேரு மறந்துபோயி உயிரோட இருந்து நான் என்னங்க செய்ய?"

அன்று பிடித்தது எனக்குப் பைத்தியம். ஒரு ஸ்கேனுக்கும் அடுத்ததுக்கும் நடுவே மூன்று மாதம் எப்படிச் சும்மா இருப்பது? கோப்பி கொண்டுவந்து வைத்தால், இன்று என்ன கிழமை என்பேன், ஏதோ எனக்கே தெரியாததுபோல. அப்புறம் உன் அடையாள அட்டையின் ஐசி நம்பர். லாயாங் லாயாங் ஊரில் நீ படித்த பள்ளியின் தலைமையாசிரியர் பெயர். நம் கல்யாண நாள். நீ சாவியைத் தேடினால் பின்னாலேயே வருவேன். பேச்சில் ஒரு நொடி தயங்கினால் உன் வாயையே பார்ப்பேன். பிறகு குளியலறைக்குள் போய் நோட்டில் குறி போடுவேன். உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் கல்யாண நாளைக் கேட்டபோது, முகம் மாறாமல் வேறு மாதத்தைச் சொன்னாய். திரும்பக் கேட்டேன். திரும்பவும் அதே மாதம். மருத்துவமனைக்குப் போன் போட்டுக் கத்தி, அப்புறம் கெஞ்சி, இரண்டு நாளில் ஸ்கேனுக்கு இடம் வாங்கினேன். "அலமாக், சும்மா லா சொன்னேன்" என்று நீ எத்தனை தடவை சொல்லியும் நான் நம்பவில்லை. நோய் உன்னை அப்படிச் சொல்ல வைக்கிறது என்றுகூட நினைத்தேன். நீ உள்ளே இருந்த முக்கால் மணி நேரமும் கதவை விட்டு நான் நகரவில்லை.

தலையில் ஒன்றுமில்லை என்றார்கள்.

கார் பார்க்கில் நீ காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாய். "உங்க நோட்ட நான் பாத்துட்டேங்க. கடுப்புலதான் தப்பா சொன்னேன். இத்தன கேள்வி கேட்டீங்களே, பயமா இருக்கான்னு ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு. அந்தக் குழாய்க்குள்ள படுத்திருக்கும்போது நோயவிட, வெளிய வந்தா உங்க மூஞ்சி எப்படி இருக்குமோன்னுதான் பயம்."

அதன் பிறகு தினமும் அந்த ஒன்றை மட்டும் கேட்டேன். சில நாள் "இன்னிக்கு இல்ல" என்பாய். சில நாள் பக்கத்தில் வந்து உட்காருவாய். ஸ்கேன் நெருங்கும் வாரங்களில் இருவருக்குமே சோறு இறங்காது, ஆனால் அதைச் சொல்லிக்கொள்ளப் பழகியிருந்தோம். எட்டு மாதம் கழித்து நோய் கல்லீரலில் வந்தது. தலைக்கு வரவே இல்லை. டாக்டர் அன்று என் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டுதான் போனாய்.

போவதற்கு முந்தின நாள் காலை, நான் வாயைத் திறக்கும் முன் நீ முந்திக்கொண்டாய்.

"உங்களுக்கு?"

"எனக்கென்ன பயம்" என்றேன். நீ என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய்.

நீ என்னிடம் கேட்டது அந்த ஒரு கேள்விதான். அதற்கும் பொய் சொன்னேன். சரியான பதிலை அன்றிலிருந்து சுமந்துகொண்டு திரிகிறேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நீ தட்டிக்கொடுத்த கை ஈரமாக இருந்தது உனக்கே தெரிந்திருக்கும். அந்தப் பயம் இன்றைக்கும் இருக்கிறது.