உன் உடம்புக்கு நிறுத்தத் தெரியவில்லை, சுதா

என் சுதாக் கண்ணு,

சனிக்கிழமை உன் வீட்டுச் சமையலறையில் பெரிய ரகளை செய்துவிட்டு வந்திருக்கிறேன். உன் புருஷன் ரமேஷின் கை வெந்துபோயிருக்கிறது. என்னால்தான். கோபம் இன்னும் தணியவில்லை, அதனால் எழுத்து கோர்வையாக வராது. பொறுத்துக்கொள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் நிவிக்கும் அதே நோய்தான். லூபஸ். மூக்கின் மேலும் கன்னங்களிலும் உனக்கு வந்த அதே சிவப்பு, காலையில் விரலை மடக்க முடியாத அதே வலி. ஸ்கூலில் பேனா பிடிக்க முடியவில்லையாம். பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது வரவேண்டுமா, சொல்?

டாக்டர் உடனே மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தப் பாட்டிலை இன்னும் திறக்கவே இல்லை என்பது நான் பிளெய்ன்ஸ்பரோவில் என் வீட்டிலிருந்து டிரைவ் பண்ணிக்கொண்டு பிரிட்ஜ்வாட்டரில் உன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ரமேஷ் அடுப்பில் கஷாயம் கொதிக்க வைத்துக்கொண்டு நின்றார். சீந்தில் பொடி, இன்னும் என்னென்னவோ பொடி. சென்னை போய்வந்தவர்களெல்லாம் சூட்கேஸில் அமெரிக்கா வரை கொண்டுவந்து இங்கே கோயிலில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"அக்கா, கொழந்தைக்கு எதிர்ப்பு சக்தி ஏறணும்ல? அந்த மாத்திர இம்யூனிட்டிய டவுன் பண்ணிடும். சுதாவுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தோமே" என்றார்.

ஏறணுமாம்! எனக்கு உச்சி வரைக்கும் ஏறியது. கொதிக்கிற பாத்திரத்தை அப்படியே தூக்கி ஸிங்க்கில் வீசினேன். பாதி அவர் கையில் தெறித்து, மனுஷன் அலறினார். நான் நிறுத்தினேனா? மேடையில் பொடி இருந்த கண்ணாடி டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடித்தேன். கண்ணாடி உடைந்து என் காலைக் கிழித்தது. அப்போதும் அடித்தேன். பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியே கையில் ஃபோனோடு பார்த்தாள்.

லேபில் நான் செய்யும் எதிர்ப்பு சக்தி ஆராய்ச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே "அறுக்காதக்கா" என்று வாயை அடைப்பாய் அல்லவா? இப்போது அடைக்க முடியாது. கேள். வைரஸ் உள்ளே வந்தால் எல்லாச் செல்லும் ஒன்றாகக் கத்துவதில்லை. எதிர்ப்பு செல்களில் ஏதோ சில மட்டும் முதலில் கத்தும். அந்தக் கத்தல்தான் இன்டர்ஃபெரான். அதைக் கேட்ட அக்கம்பக்கத்துச் செல்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தாங்களும் கத்தும். கத்தல் கத்தலை வளர்க்கும். அதை அப்படியே விட்டால் ஒரு சாதாரண சளிக் காய்ச்சலிலேயே நாம் செத்துப்போவோம்.

அதனால் கத்துகிற செல்லே தன் கழுத்தை நெரிக்கவும் ஆள் தயார் பண்ணுகிறது. இன்டர்ஃபெரான் ஏற ஏற, அதை அடக்கும் புரதங்களும் அந்தச் செல்லுக்குள்ளேயே உருவாகின்றன. கேட்கிற காதை அடைப்பது ஒன்று, மோப்பம் பிடிக்கிற மூக்கை வெட்டிப்போடுவது இன்னொன்று. அப்படியும் அடங்காத செல்லைச் சாகச் சொல்லிவிடுவார்கள். இரக்கமெல்லாம் கிடையாது. இந்த வெட்டும் குத்தும் ஒழுங்காக நடப்பதால்தான் நாம் எழுந்து காபி குடிக்கிறோம்.

உன் உடம்பில் அது நடக்கவில்லை, சுதா. வைரஸே இல்லை. செத்த செல்களிலிருந்து சிந்திய உன் சொந்த டி.என்.ஏ.வைப் பார்த்து எதிர்ப்பு செல்கள் எதிரி என்று கத்தின, நிறுத்தவே இல்லை. மூட்டைத் தின்றன, சிறுநீரகத்தைத் தின்றன, கடைசியில் நுரையீரலுக்கு வந்தன. எதிர்ப்பு சக்தி குறைந்தா செத்தாய்? அது வெறி பிடித்துத்தான் உன்னைக் கொன்றது.

"ஸ்டாப் இட், பெரியம்மா! ஜஸ்ட் ஸ்டாப்!"

நிவி மாடிப்படியில் நின்று கத்தினாள். முகத்தில் அந்தச் சிவப்பு. என் கையிலிருந்த டப்பா அப்படியே நின்றது. அவள் கண்ணாடித் துண்டுகளைத் தாண்டி வந்து, நிதானமாக இங்கிலீஷில் கேட்டாள், அம்மாவைக் கொன்றது மாத்திரையா இல்லையா என்று.

ரமேஷ் என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாத்திரை குற்றவாளி இல்லையென்றால், தினமும் காலையில் உனக்குக் கஷாயம் கலந்து கொடுத்த கை அவருடையது. அதனால்தான் டாக்டர் அத்தனை தடவை சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. பாவம் என்று தோன்றியது. அறைய வேண்டும் என்றும் தோன்றியது.

நிவியிடம் உள்ளதைச் சொன்னேன். ஸ்டீராய்டு மாத்திரையால் உன் முகம் வீங்கியதை. அந்த வருஷக் கொலுவில் ஒரு ஆன்ட்டி எல்லார் முன்னாலும், "என்னம்மா, மூஞ்சி இட்லி மாதிரி உப்பிப்போச்சு?" என்று கேட்டதை. எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். மறுநாளிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டு வெறும் கஷாயம் குடித்தாய். ஸ்டீராய்டு நின்றதால் வீக்கம் இறங்கியது. கஷாயம் வேலை செய்கிறது என்று ஊரே கொண்டாடியது. உள்ளே நீ வெந்துகொண்டிருந்தாய். ஏன்டி நிறுத்தினாய்? பிடித்து உலுக்கக்கூட இன்று உன் தோள் இல்லையே எனக்கு.

"அப்ப நான்தான் கொன்னேனாக்கா?" என்றார் ரமேஷ். கொப்புளம் கிளம்பிய கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்திருந்தார்.

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. "இல்ல ரமேஷ். நோய்தான் கொன்னுச்சு. நீங்க ஆசையா குடுத்தீங்க. ஆனா இவளுக்குக் குடுத்தீங்கன்னா, சத்தியமா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அவர் மாத்திரைப் பாட்டிலை எடுத்தார். அழுத்தித் திருகுகிற மூடி, வெந்த கையால் முடியவில்லை. நான் பாட்டிலைப் பிடித்துக்கொள்ள, அவர் இன்னொரு கையால் அழுத்தித் திருகினார். தண்ணீரும் அவரே கொடுத்தார்.

"வில் மை ஃபேஸ் கெட் ஃபேட் லைக் அம்மா'ஸ்?" என்று கேட்டாள் உன் மகள்.

"ஆகலாம்டி செல்லம். டோஸ் கொறச்சா எறங்கிடும்."

கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாத்திரையை வாயில் போட்டாள். பிறகு விழுங்கினாள். ரமேஷ் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

நவராத்திரி வருகிறது, சுதா. நிவியின் முகம் அதற்குள் வீங்கியிருக்கும். அவளை மறைத்து வைக்கமாட்டேன். பட்டுப்பாவாடை கட்டிவிட்டு, கூப்பிட்ட வீட்டுக் கொலுவுக்கெல்லாம் நானே அழைத்துப் போவேன். எவளாவது அவள் முகத்தைப் பார்த்து "என்னம்மா" என்று ஆரம்பித்தால், சுண்டல் கிண்ணத்தாலேயே அந்த வாயை உடைப்பேன். போலீஸ் வரட்டும். உன்னைச் சிரிக்க வைத்ததுபோல் இவளைச் சிரிக்க வைக்க ஒருத்தியையும் விடமாட்டேன். இது சத்தியம்.

நிவியின் பெரியம்மா,
என்றைக்கும் உன் அக்கா
கீதா